வாக்கைப் பிரிக்கும் கோடு

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்தாலே நம் ஊர்களில் ஒரு கேள்வி கிளம்பிவிடும். "இந்தத் தடவை தலைவர் பதவி யாருக்கு? பொதுவா, பெண்ணா, எஸ்.சி.யா?" டீக்கடையிலும் கேட்பார்கள், களத்துமேட்டிலும் கேட்பார்கள். ஆனால், "நம்ம தெரு எந்த வார்டில் இருக்கிறது? அந்த வார்டில் நம்மோடு எந்தெந்தத் தெருக்களைச் சேர்த்திருக்கிறார்கள்? அப்படிச் சேர்த்தது யார்?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

கேட்டே ஆக வேண்டிய கேள்வி இந்த இரண்டாவதுதான். பட்டியல் சாதி மக்களுக்கு எத்தனை இடம் என்பதை இட ஒதுக்கீடு சொல்கிறது. அந்த இடத்தில் உட்காருகிறவர் யார் வாக்கால் வந்தவர், யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதை வார்டு எல்லைதான் முடிவு செய்கிறது. ஒதுக்கீட்டுக்காக நூறாண்டு போராடிய நாம், எல்லை போடப்படும் நாளில் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

வார்டு மறுவரையறை என்ற சொல் நெல்லைக்காரர்களுக்குப் புதிதல்ல. அதன் பெயரால் நாம் ஐந்து ஆண்டுகளை இழந்திருக்கிறோம். 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் காலம் 2016 அக்டோபர் 24-ஆம் தேதி முடிந்தது. அந்த மாதமே நடக்கவிருந்த தேர்தலை, பழங்குடியினருக்கான ஒதுக்கீடு உள்ளிட்ட குறைகள் சொல்லப்பட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2017-இல் மாநில அரசு மறுவரையறை ஆணையத்துக்குச் சட்டம் இயற்றியது. அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் வரைவு எல்லைகள் வெளியாயின. 2018 சனவரியில் ஆட்சேபணைகள் கேட்கப்பட்டன. 2011 மக்கள்தொகைக் கணக்கே அடிப்படை.

பிறகு 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாவட்டம் பிரிந்தால் மாவட்ட ஊராட்சியின் வார்டுகளும் மாற வேண்டும். அதைச் செய்யாமலே தேர்தல் அறிவித்ததால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களையும் அவற்றின் தாய் மாவட்டங்களையும் சேர்த்து ஒன்பது மாவட்டங்களில் மறுவரையறை முடிந்த பிறகே தேர்தல் நடத்த வேண்டும் என்று 2019 டிசம்பர் 6-இல் தீர்ப்பு வந்தது. மற்ற 27 மாவட்டங்களில் அந்த டிசம்பரிலேயே ஊரகத் தேர்தல் முடிந்துவிட்டது. நெல்லையும் தென்காசியும் 2021 அக்டோபர் 6, 9 தேதிகள் வரை காத்திருந்தன.

அந்த ஐந்து ஆண்டுகளும் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் சொல்ல வார்டு மெம்பர் இல்லை. மேலத்தெருக்காரருக்கு வட்டார வளர்ச்சி அலுவலரை நேரில் பார்க்க வேறு வழிகள் உண்டு. காலனிக்காரருக்கு வார்டு மெம்பர்தான் வழி. ஆகவே அந்த இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவு இழப்பாக இருக்கவில்லை.

இப்போது அந்த நாள்கள் திரும்ப வருகின்றன. 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகள் 2025 சனவரி 5-ஆம் தேதியோடு காலம் முடிந்து தனி அலுவலர் வசம் போயின. 2021-இல் பொறுப்பேற்ற நெல்லை, தென்காசிப் பிரதிநிதிகளின் காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. இன்னொரு பக்கம், 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. அந்தக் கணக்கு வெளியானால் வார்டு எல்லைகள் மறுபடியும் மேசைக்கு வரும். அதற்குள் நாம் தயாராக வேண்டும்.

கோடு எப்படி விழுகிறது

இன்றைய நெல்லை மாவட்டத்தில் 9 ஊராட்சி ஒன்றியங்கள், 204 கிராம ஊராட்சிகள். தென்காசியில் 10 ஒன்றியங்கள், 221 ஊராட்சிகள். மக்கள்தொகையைப் பொறுத்து ஓர் ஊராட்சிக்கு 6, 9, 12, 15 என வார்டுகள் இருக்கும். ஒன்றியக் குழுவுக்கு ஏறத்தாழ 5,000 பேருக்கு ஓர் உறுப்பினர். மாவட்ட ஊராட்சிக்கு 50,000 பேருக்கு ஓர் உறுப்பினர்; அந்தக் கணக்கில் நெல்லைக்கு 12, தென்காசிக்கு 14.

அரசியல் சாசனத்தின் 243-டி பிரிவு, பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. 2011 கணக்குப்படி பிரிக்கப்படாத நெல்லை மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 18.5 விழுக்காடு. பெண்களுக்குத் தமிழ்நாட்டில் பாதி இடம். இதுவரை எல்லாம் கணக்குப்படி நடக்கிறது. கணக்கு முடிந்து கோடு தொடங்கும் இடத்தில்தான் நம் கவனம் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இது எந்த ஊரையும் குறிப்பதல்ல. மாணவர்கள் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊராட்சியில் 3,600 பேர், 9 வார்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வார்டுக்கு 400 பேர். பட்டியல் சாதியினர் 800 பேர். எல்லோரும் ஒரே குடியிருப்பில் இருக்கிறார்கள். விகிதப்படி அவர்களுக்கு 2 வார்டுகள் ஒதுக்க வேண்டும்.

முதல் வரைபடத்தில் அந்தக் குடியிருப்பை இரண்டு வார்டுகளாக ஆக்குகிறார்கள். இரண்டு உறுப்பினர்கள் வருகிறார்கள். இருவரும் அந்தத் தெருக்காரர்களின் வாக்கால் வந்தவர்கள். வேலை செய்யாவிட்டால் அடுத்த முறை அந்தத் தெருவில்தான் தோற்க வேண்டும்.

இரண்டாவது வரைபடத்தில் அதே குடியிருப்பைத் தெருத்தெருவாக ஐந்து துண்டாக்கி, பக்கத்து வார்டுகளோடு ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு வார்டிலும் பட்டியல் சாதியினர் 160 பேர், மற்றவர்கள் 240 பேர். இப்போதும் 2 வார்டுகள் ஒதுக்கப்படும். சட்டத்தில் ஒரு குறையும் காண முடியாது. அந்த இரண்டு வார்டுகளில் நிற்பவர் பட்டியல் சாதிக்காரராகவே இருப்பார். ஆனால் அவர் ஜெயிப்பதும் தோற்பதும் அந்த 240 பேர் கையில். அவர்களுக்குப் பிடித்தவர், அவர்களை எதிர்த்துப் பேசாதவர், பலநேரம் அவர்கள் வயலில் வேலை பார்ப்பவர் உறுப்பினராவார். மீதி மூன்று வார்டுகளில் 160 வாக்குகள் தனித்துப் போட்டியிட்டால் தோற்கும் வாக்குகள்.

இரண்டு வரைபடங்களிலும் மக்கள் அவர்களேதான், ஒதுக்கீடும் அதேதான். கிடைக்கும் பிரதிநிதி மட்டும் வேறு.

பூனாவில் விட்டது

இந்தச் சிக்கல் எங்கிருந்து தொடங்கியது என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1932-இல் பிரிட்டிஷ் அரசின் வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதிகளைக் கொடுத்தது. காந்தியின் உண்ணாவிரதத்துக்கு நடுவே செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்கள் 148 ஆகக் கூடின. அதில் சென்னை மாகாணத்துக்கு 30. ஆனால் தனி வாக்காளர் தொகுதி போனது. ஒதுக்கப்பட்ட இடத்தில் நிற்பவர் ஒடுக்கப்பட்டவர், வாக்களிப்பவர் எல்லோரும் என்ற முறை வந்தது.

அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. பொதுத் தேர்தலுக்கு முன் ஒடுக்கப்பட்ட மக்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைத்தான் பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுக்க முடியும். அதாவது நம் மக்கள் ஏற்காத ஒருவர் நம் பெயரில் உட்கார முடியாது. அண்ணல் அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுத்தபோது கையில் மிஞ்சிய பாதுகாப்பு அது. சுதந்திர இந்தியாவின் தேர்தல் முறையில் அதுவும் இல்லாமல் போயிற்று.

சட்டமன்றத் தொகுதியிலோ நாடாளுமன்றத் தொகுதியிலோ பல லட்சம் பேர் கலந்திருக்கிறார்கள். அங்கே நம் மக்கள் பெரும்பான்மையாக இருக்கும் தொகுதி அரிது. கிராம ஊராட்சி வார்டு அப்படியல்ல. அது நானூறு, ஐந்நூறு பேர் கொண்ட சின்ன வட்டம். சாதிக்கொரு தெரு என்று ஊரைப் பிரித்துவைத்த கொடுமையே இந்த ஓர் இடத்தில் நமக்குப் பயன்படக்கூடும். எல்லையை நேர்மையாகப் போட்டால், நம் தெரு தனக்கான உறுப்பினரைத் தானே தேர்ந்தெடுக்கலாம். பூனாவில் விட்டதில் ஒரு கைப்பிடி வார்டு அளவில் திரும்பக் கிடைக்கிறது. எல்லையைத் தவறாகப் போட்டால் அதுவும் கிடைக்காது.

துணைத் தலைவர் என்ற பூட்டு

"வார்டு மெம்பருக்கு என்ன அதிகாரம் இருக்கு? தலைவர்தானே எல்லாம்?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் இருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் ஒப்புதலும் வேண்டும் என்பது தமிழ்நாட்டு ஊராட்சிச் சட்டத்தின் ஏற்பாடு.

ஒதுக்கீட்டில் வந்த தலித் தலைவரின் நிலையை இங்கே நினைத்துப் பாருங்கள். ஒன்பது உறுப்பினரில் அவர் பக்கம் நிற்க ஒருவர், இருவர் என்றால், துணைத் தலைவர் பதவி ஆதிக்க சாதியினர் கைக்குப் போகும். துணைத் தலைவர் கையெழுத்துப் போடாவிட்டால் குழாய் பதிக்க முடியாது, மோட்டார் பழுது பார்க்க முடியாது, துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம்கூடக் கொடுக்க முடியாது. வேலை நடக்கவில்லை என்ற பழி மட்டும் தலைவர் தலையில் விழும். நாற்காலி தராமல் தரையில் உட்கார வைப்பது, கொடியேற்ற விடாமல் தடுப்பது போன்ற அவமானங்கள் செய்தியாகின்றன. கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பது செய்தியாவதில்லை. அதற்கான வேர் பல ஊர்களில் வார்டு எல்லையில் இருக்கிறது.

ஒதுக்கீட்டுத் தலைவர்கள் தனித்து விடப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே ரத்த சாட்சியம் உண்டு. மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30-இல் கொல்லப்பட்டதை நாடறியும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996 முதல் பத்து ஆண்டுகள் தேர்தலை நடக்கவிடாமல் செய்தார்கள். நின்று ஜெயித்தவர்களையும் உடனே ராஜினாமா செய்யவைத்தார்கள். 2006-இல்தான் அங்கே தலைவர்கள் நிலைத்து உட்கார முடிந்தது. அதே 2006 அக்டோபர் தேர்தலில் அன்றைய நெல்லை மாவட்டம் நக்கலமுத்தன்பட்டியில் தலைவராக வந்த ஜக்கையன், அடுத்த மாதமே கொல்லப்பட்டார். தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த அருந்ததியர் பெண் கிருஷ்ணவேணி, 2011 ஜூன் மாதம் வெட்டப்பட்டு உயிர் பிழைத்தார்.

வார்டு எல்லையைச் சரியாகப் போட்டிருந்தால் இந்தக் கொலைகள் நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. அரிவாளை எடுப்பவனைக் கோடு தடுக்காது. ஆனால் மன்றத்துக்குள் தன்னோடு பேச, தனக்குச் சாட்சியாக நிற்க, தீர்மானத்தை வழிமொழிய நாலு உறுப்பினர்கள் இருக்கும் தலைவரை மிரட்டுவது, தனியாளாக இருப்பவரை மிரட்டுவதைப் போல அத்தனை எளிதல்ல.

மானூர்க் கல் சொல்வது

தாழையூத்து, மானூர் ஒன்றியத்தில் இருக்கிறது. அந்த மானூரில் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முந்தைய பாண்டியர் கல்வெட்டு ஒன்று உண்டு. ஊர்ச்சபையில் யார் உறுப்பினராகலாம் என்று விதி சொல்லும் கல்வெட்டு. உத்திரமேரூருக்கும் முந்தையது என்று தமிழ் வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொடுப்பார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். ஊரில் பங்குடையவராக இருக்க வேண்டும், வேதப் பகுதிகளைக் கற்றிருக்க வேண்டும் என்பவை அதில் உள்ள தகுதிகள். பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டும் ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பிலிருந்தும் குடவோலையில் ஆளெடுக்கச் சொல்கிறது. அங்கும் நிலமும் வேதமும் தகுதி.

குடும்பு என்பது அன்றைய வார்டு. முப்பது குடும்புகளிலும் சேரி இல்லை. நிலத்தில் உழுதவர்களுக்கு ஓலையில் பெயர் எழுதப்படவில்லை. ஊரை எப்படிப் பிரிப்பது, அந்தப் பிரிவுக்குள் யாரைச் சேர்ப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்பதைப் பழைய சபைகள் நன்றாகத் தெரிந்தே செய்தன என்பதற்காக இதைச் சொல்கிறேன். இன்று வெளியே நிறுத்த முடியாது, சாசனம் விடாது. உள்ளே விட்டுவிட்டுச் சிதறடிக்க முடியும்.

தாமிரபரணிப் பாசன ஊர்களின் அமைப்பே இதற்கு வழி செய்கிறது. ஆற்றை ஒட்டி ஒரு தெரு வரிசை; அதற்கு அடுத்து நிலவுடைமைச் சாதிகளின் தெருக்கள்; கால்வாயைத் தாண்டி, வயலைத் தாண்டி நம் குடியிருப்பு. இது பல ஊர்களில் காணக்கூடியது. ஆறு, வாய்க்கால், சாலை போன்றவற்றை எல்லையாகக் கொள்வது வார்டு பிரிப்பதில் பொதுவான வழக்கம். நம் பள்ளத்தாக்கில் வாய்க்காலே சாதி எல்லையாகவும் இருக்கிறது. அதை நேர்மையாகப் பின்பற்றினால் நம் குடியிருப்பு ஒரே வார்டாக நிற்கும். பல இடங்களில் அந்த இயற்கை எல்லையைத் தாண்டிவந்து காலனியின் பாதித் தெருவை அக்கரையோடு சேர்ப்பதற்கு என்ன தேவை வந்தது என்று நாம் கேட்க வேண்டும். மக்கள்தொகையைச் சமப்படுத்தத்தான் என்று பதில் வரும். சில ஊர்களில் அது உண்மையாகவும் இருக்கும். எந்த ஊரில் உண்மை, எந்த ஊரில் சாக்கு என்பதை எண்ணைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மாற்றுக் கருத்துகள்

நம் தோழர்களிலேயே சிலர் வேறுவிதமாகச் சொல்கிறார்கள். "எல்லோரையும் ஒரே வார்டில் அடைத்தால் அது காலனி வார்டு என்று ஒதுக்கப்படும். ஐந்து வார்டில் பரவி இருந்தால் ஐந்து வேட்பாளரும் நம் வாசலுக்கு வருவார்கள்." இதில் நியாயம் இருக்கிறது. நகர வார்டுகளில், தேர்தல் கட்சி அடிப்படையில் நடக்கும் இடங்களில், இது ஓரளவு வேலை செய்யும். கிராம ஊராட்சி வார்டில் கட்சிச் சின்னம் கிடையாது. சாதிக் கூட்டமே முடிவு செய்யும் ஊர்கள் பல. அங்கே வேட்பாளர் நம் வாசலுக்கு வாக்குக் கேட்டு வருவதைவிட, "யாருக்குப் போட்டாய்" என்று கேட்டு வருவதுதான் அதிகம். எந்த வழி நல்லது என்பது ஊருக்கு ஊர் மாறும். அதை அந்தத் தெரு மக்கள் பேசி முடிவு செய்ய வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்யக் கூடாது என்பதுதான் என் வாதம்.

நமக்குள்ளும் ஒரு கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அரசு ஆவணத்தில் பட்டியல் சாதியினர் என்று ஒரே சொல் இருக்கிறது. ஊரில் பள்ளர் தெரு, பறையர் தெரு, அருந்ததியர் தெரு என்று தனித்தனியாக இருக்கின்றன. துப்புரவு வேலை செய்யும் அருந்ததியர் குடும்பங்கள் பல ஊர்களில் நாற்பது, ஐம்பது வீடுகளே. கல்வியிலும் வேலையிலும் 2009-இல் அவர்களுக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. உள்ளாட்சியில் அப்படி எதுவும் இல்லை. எல்லை கேட்டு மனுக் கொடுக்கப் போகும்போது அந்த நாற்பது வீடு எந்தப் பக்கம் சேர விரும்புகிறது என்று அவர்களைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். ஆதிக்க சாதி நமக்குச் செய்வதை நாம் அவர்களுக்குச் செய்யக் கூடாது.

மாநகராட்சி விரிவாக்கமும் கவனிக்க வேண்டிய ஒன்று. பல மாநகராட்சிகளோடும் நகராட்சிகளோடும் பக்கத்து ஊராட்சிகளை இணைக்கும் அறிவிப்புகள் 2025 தொடக்கத்தில் வந்தன. ஒரு ஊராட்சிக்குத் தலைவர் ஒருவர், உறுப்பினர் ஒன்பது பேர் என்று பத்துப் பேர் இருந்த இடத்தில், இணைந்த பிறகு ஒரு கவுன்சிலர் இருந்தாலே அதிகம். நெல்லை மாநகராட்சியின் மொத்த வார்டுகளே 55. கிராமத்தில் மூன்றில் ஒரு பங்காக இருந்த நம் மக்கள், நகர வார்டுக்குள் பத்தில் ஒரு பங்காகக் கரைந்துவிடலாம். ஊரக வேலைத் திட்டமும் நகரத்துக்குள் கிடையாது. இணைப்பை எதிர்ப்பதா ஆதரிப்பதா என்று பேசும்போது வரியை மட்டும் பேசாமல் இதையும் பேச வேண்டும்.

மாஞ்சோலையையும் மறக்க முடியாது. 2024-இல் தேயிலைத் தோட்ட வேலை முடிவுக்கு வந்து, தலைமுறை தலைமுறையாக மலையில் இருந்த குடும்பங்கள் சமவெளிக்கு இறங்க நேர்ந்தது. அவர்களில் பெரும்பகுதியினர் நம் மக்கள். 2011 கணக்கில் அவர்கள் மலையில் எண்ணப்பட்டவர்கள். இறங்கிய ஊரில் அவர்கள் எண்ணப்படுவது அடுத்த கணக்கெடுப்பில்தான். அதுவரை பழைய வார்டில் ஆள் இல்லாத எண்ணாகவும், புதிய வார்டில் எண் இல்லாத ஆளாகவும் இருக்கிறார்கள். கணக்கெடுப்பாளர் வரும்போது வாடகை வீட்டில் இருந்தாலும் தங்களைச் சரியாகப் பதிய வைப்பது அவர்களின் முதல் அரசியல் வேலை.

இருபத்தெட்டு பக்க நகரம்

கோட்டை வைத்து வாக்கைத் திருடுவது நம் ஊர்க் கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்று ஒரு சிறு நகரம். சதுரமாக இருந்த அதன் எல்லையை 1957-இல் மாநில சட்டமன்றம் 28 பக்கங்கள் கொண்ட கோணல் வடிவமாக மாற்றியது. புதிய கோட்டுக்கு வெளியே போனவர்கள் எல்லோரும் கறுப்பின வாக்காளர்கள். சுமார் 400 பேரில் நாலைந்து பேரே நகருக்குள் மிஞ்சினார்கள். வெள்ளையர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. சட்டத்தில் இனத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அங்கிருந்த கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் கோமிலியன் தலைமையில் மக்கள் வழக்குப் போட்டார்கள். வெள்ளையர் கடைகளில் பொருள் வாங்குவதையும் நிறுத்தினார்கள். 1960-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர்கள் கையில் இருந்த பெரிய ஆயுதம் பழைய எல்லைக்கும் புதிய எல்லைக்குமான வரைபடம். அதைப் பார்த்த எவருக்கும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

நமக்கு நீதிமன்ற வழி அதைவிடக் குறுகலானது. வார்டு எல்லை, இட ஒதுக்கீடு தொடர்பான சட்டங்களின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று 243-ஓ பிரிவு சொல்கிறது. நகராட்சிகளுக்கும் இதேபோன்ற தடை உண்டு. 2016, 2019 வழக்குகளில் நீதிமன்றங்கள் தலையிட்டது உண்மைதான். அவை பெரிய கட்சி நடத்திய வழக்குகள். ஒரு காலனித் தெருவின் வழக்குக்கு அந்த வசதி இல்லை. ஆகவே நமக்கான வாய்ப்பு வரைவு வெளியாகி, ஆட்சேபணைக்குக் கொடுக்கப்படும் அந்தச் சில நாள்கள்தான். இறுதி அறிவிப்பு வந்த பிறகு அடுத்த மறுவரையறை வரை அந்தக் கோட்டோடுதான் வாழ வேண்டும்.

செய்ய வேண்டியவை

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை பெரியவை அல்ல. வரைவு எல்லையை ஒன்றிய அலுவலகப் பலகையில் ஒட்டுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு குடியிருப்பிலும் வரைபடத்தோடு ஒட்ட வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் மொத்தம் எத்தனை பேர், பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று பழைய எல்லைக்கும் புதிய எல்லைக்கும் பக்கத்துப் பக்கத்தில் போட வேண்டும். ஆட்சேபணைக்கு முப்பது நாளாவது வேண்டும். விசாரணை ஒன்றிய அளவில் நடக்க வேண்டும். கூலி வேலைக்காரர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுத் தூரப் பயணம் போக முடியாது. மனுவை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஒரே குடியிருப்பைப் பிரிக்க நேர்ந்தால் ஏன் பிரித்தோம் என்று பதிவு செய்ய வேண்டும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார், வரவேற்க வேண்டியது. பெயரை எடுக்கும்போதே அந்தத் தெருவின் வாக்கு எங்கே போயிருக்கிறது என்பதையும் பார்த்துவிடுவது நல்லது.

மாணவர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். ஊருக்குப் போகும்போது ஊராட்சிச் செயலரிடம் வார்டு வாரியான தெருப் பட்டியலைக் கேளுங்கள். தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வாக்காளர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, தெருவுக்கு எத்தனை வாக்கு என்று எண்ணுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் ஊரை வரைந்து, இப்போதைய வார்டு எல்லையைச் சிவப்பு மையில் போடுங்கள். நம் குடியிருப்பை அந்தச் சிவப்புக் கோடு எத்தனை இடத்தில் வெட்டுகிறது என்று பாருங்கள். பக்கத்திலேயே நீங்கள் விரும்பும் எல்லையைப் பச்சை மையில் போடுங்கள். இரண்டு மூன்று சாயங்காலத்தில் முடிகிற வேலை. பெரியவர்களைக் கூட்டி உட்காரவைத்து அந்தத் தாளைக் காட்டிப் பேசுங்கள். பெண்களும் அருந்ததியர் தெருவும் அந்தக் கூட்டத்தில் இருக்கட்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் சபைக்கு அந்தத் தாளோடு போங்கள். "அடுத்த மறுவரையறையில் எங்கள் குடியிருப்பைப் பிரிக்கக் கூடாது" என்று தீர்மானம் வைக்கச் சொல்லுங்கள். ஏற்றால் தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்காவிட்டால் அதே தாளின் நகலை மாவட்ட ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். வரைவு வெளியாகும் அன்று ஆட்சேபணை எழுதக் காகிதம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நம்முடைய வரைபடம் அதற்கு முன்பே அலுவலகக் கோப்பில் இருக்க வேண்டும்.